சுற்றுவழியில் போன ஜட்கா

விழுப்புரம் ஸ்டேஷனில் ஒரு ஜட்காக்காரர் இருந்தார். அவருடைய ஜட்காவில் ஒரு முறை ஏறியவர்கள் மறுமுறை ஏற யோசிப்பார்கள். ஸ்டேஷனிலிருந்து கடைத்தெருவுக்கு நேராக ஒரு பாதை உண்டு. மற்ற வண்டிகள் எல்லாம் அதில்தான் போகும். இவர் மட்டும் குதிரையை இடதுபக்கம் திருப்பி, மாட்டுச்சந்தை மைதானத்தைச் சுற்றி, துணி துவைக்கிற குட்டை ஓரமாகப் போய், ஊருக்குள் பின்பக்கமாக நுழைவார். ஏறியவர் திட்டுவார். இவர் அதைக் காதில் வாங்காமல், “தோ வந்தாச்சுங்க, தோ வந்தாச்சுங்க” என்று சொல்லிக்கொண்டே போவார். நேர்ப்பாதையில் ஒரு கள்ளுக்கடை இருந்தது. அதுதான் காரணம்.

பிள்ளைகளே, அவர் இப்போது இல்லை. அவர் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் எழுத மாட்டேன். அவருடைய பேரப்பிள்ளைகள் அந்த ஊரில்தான் படிக்கிறார்கள். உங்கள் அப்பனாகிய நான் ஒரு காலத்தில் குடித்தவன் என்பதை நீங்கள் எவன் வாயிலிருந்தோ கேட்பதைவிட என் கையெழுத்தில் தெரிந்துகொள்வது நல்லது என்று நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். அதை எழுதினால் அவரைப் பற்றி எழுதாமல் முடியாது.

அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. நான் திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மிஷினில், வேர்க்கடலை உடைக்கிற இடத்தில், மூட்டை தைக்கும் வேலையில் இருந்தேன். கடலையை உடைத்துப் பருப்பைக் கோணியில் கொட்டியதும் வாயைச் சேர்த்துப் பிடித்துச் சணலால் தைக்க வேண்டும். கோணி ஊசி என் விரல் நீளம் இருக்கும். காலையில் ஒரு மொந்தை கள்ளு உள்ளே போகாவிட்டால் கை நடுங்கும். ஊசி கோணியில் ஏறாமல் என் கையில் ஏறும். என் இடது கையில் உள்ள தழும்புகளைப் பற்றிச் சின்னவன் கேட்டபோது முள் குத்தியது என்று சொன்னேன். அது முள் இல்லை.

உங்கள் அம்மா அதிகம் பேசமாட்டாள். ஒருநாள் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து, “இன்னொரு வாட்டி குடிச்சிட்டு வந்தா நான் புள்ளைங்கள இட்டுக்கினு வந்தவாசிக்குப் போயிடுவேன். அப்புறம் யாரு வந்து கூப்ட்டாலும் வரமாட்டேன்” என்றாள். வந்தவாசி அவள் தாய்வீடு. அவள் குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் சொன்னதைச் செய்துவிடுவாள் என்று நம்பினேன்.

எங்கள் பக்கத்தில் குடியை விடுகிறவர்கள் அமாவாசைக்கு மேல்மலையனூர் போய் அங்காளம்மன் சந்நிதியில் கையில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வருவார்கள். கயிறு கையில் இருக்கும்வரை தொடக்கூடாது. தொட்டால் அம்மன் கண்ணைப் பறித்துவிடுவாள் என்ற பயம். ஆனால் எங்கள் ஆட்கள் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். கடைக்கு வெளியிலேயே கயிற்றைக் கழற்றி வேலி முள்ளில் மாட்டிவிட்டு உள்ளே போவார்கள். குடித்துவிட்டு வந்து எடுத்துக் கட்டிக்கொள்வார்கள். திண்டிவனத்துக் கள்ளுக்கடை வேலியைத் தூரத்திலிருந்து பார்த்தால் மஞ்சள் பூ பூத்த மாதிரி இருக்கும். நானும் இரண்டு கயிறு அப்படி மாட்டித் தொலைத்தவன்.

மூன்றாவது கயிறு கையில் இருக்கும்போதுதான் முதலாளி கோணி வாங்கிவர என்னை விழுப்புரம் அனுப்பினார். ரயிலை விட்டு இறங்கும்போதே நாக்கு வறண்டுவிட்டது. ஜட்காவில் ஏறி, கடைத்தெரு என்று சொன்னேன். நேர்ப்பாதையில் எது இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வண்டி இடதுபக்கம் திரும்பியது.

“யோவ், நேரா போய்யா. எங்க சுத்துறே?”

“அந்தப் பக்கம் நான் போறதில்லீங்க.”

“ஏன், பேய் இருக்குதா?”

“பேயா இருந்தா துப்பிட்டுப் போயிடுவேன். கடை இருக்குது.”

“கடை இருந்தா உனக்கின்னா? நிறுத்தாம போ.”

“நான் நிறுத்த மாட்டேங்க. குதிரை நிக்கும். பழைய குதிரை அங்க தானா நின்னுடும். எவ்ளோ இழுத்தாலும் நகராது. அத வித்துட்டு இத வாங்கினேன். இதுக்கு அந்தத் தெருவே தெரியாது. தெரியவும் வாணாம்.”

குடித்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டேன். ஏழு வருஷம் என்றார். நான் சிரித்துவிட்டேன். ஏழு வருஷமாகத் தொடாதவன் இன்னும் எதற்குப் பயப்படவேண்டும் என்றேன். அவர் திரும்பி என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார்.

“கயிறு புதுசா?”

“போன அமாவாசைக்கு.”

“எந்த முள்ளுல மாட்டுவீங்க?”

நான் கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டேன். அவரே, “எனக்கும் இந்தக் கடை வேலியில ஒரு முள்ளு இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு, “ஞாயித்துக்கிழமை மெட்ராஸ் பாசஞ்சர் போன பிறகு ஸ்டாண்டுக்குப் பின்னால புல்லுக் கொட்டாய்க்கு வாங்க. நம்மள மாதிரி நாலஞ்சு பேரு வருவாங்க” என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். கூட்டம் என்றதும் பெஞ்சு போட்டு, யாராவது எழுந்து நின்று பேசுவார்கள் என்று நினைத்திருந்தேன். புல் கொட்டாயில் ஐந்தாறு பேர் குதிரைக்குப் புல் உதறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இதுவாக இருக்காது என்று இரண்டு தடவை தாண்டிப் போனேன். பிறகு, நல்லவேளை, தப்பித்தோம் என்று ஸ்டேஷன் பக்கம் திரும்பி நடந்தேன். பின்னால் ஓடிவரும் சத்தம் கேட்டது. அவர்தான். கையில் புல்லோடு மூச்சு வாங்க நின்றார். “தாண்டிப் போனீங்களே, பார்த்துக்கினுதான் இருந்தோம். எல்லாரும் மொத நாள் தாண்டித்தான் போவாங்க. வாங்க” என்றார்.

அந்தக் கூட்டத்தில் சத்தியம் வாங்குவது கிடையாது. சூடம் அணைப்பது கிடையாது. ஒவ்வொருவரும் அந்த வாரம் எங்கே, எப்போது பயமாக இருந்தது என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான். ஒருவர் மாமனார் வீட்டில் என்பார். ஒருவர் கூலி வாங்கின சனிக்கிழமை என்பார். அவர்தான் முதலில் சொல்வார். ஏழு வருஷக்காரர் முதலில் சொன்னதும் மற்றவர்களுக்கு வெட்கம் விட்டுப்போகும். யாராவது, எனக்கு இந்த வாரம் ஒரு பயமும் இல்லை என்று சொன்னால் அவர் முகம் சின்னதாகிவிடும். அந்த ஆளை அன்று ரயில் ஏறும்வரை விடமாட்டார்.

ரயில் எஞ்சினில் கரி போடும் ஆரோக்கியம் என்று ஒருவர் வருவார். வாய்த்துடுக்கு. “அண்ணே, உனக்குப் பயமே இல்லாத இடம் எதுனா இருக்குதா?” என்று கேட்பார்.

“இருக்குது. இந்தக் கொட்டாய்.”

“இங்கயும் எலி இருக்குது.”

“எலி ஊத்திக் குடுக்காது இல்ல” என்பார் இவர்.

பால் இல்லாத வறக்காப்பி போட்டுத் தருவார், கரும்பு வெல்லம் போட்டு. பனைவெல்லம் சேர்க்கமாட்டார். அதன் வாசனையில் கள்ளு ஒளிந்துகொண்டிருக்கிறது என்பார். கல்யாண வீட்டுக்குப் போனால் யார் குழந்தையையாவது வாங்கி இடுப்பில் வைத்துக்கொள்வார். குழந்தை அழுதாலும் கீழே விடமாட்டார். பிள்ளைப் பிரியம் என்று ஊரில் நினைத்துக்கொண்டார்கள். கை காலியாக இருந்தால் எவனாவது டம்ளரைத் திணித்துவிடுவான் என்பதுதான் அவருடைய கணக்கு.

ஒரு மழைக்காலத்தில் அவருக்கு இருமல் வந்தது. கம்பவுண்டர் டானிக் கொடுத்தார். அதில் கொஞ்சம் சாராயம் கலந்திருக்கும். மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு அப்படியே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டு மாதம் இருமினார். விலா எலும்பு நோகிறது என்று கையால் அழுத்திக்கொண்டு வண்டி ஓட்டினார்.

“மருந்துண்ணே அது” என்றேன் நான்.

“எனக்குத் தெரியுது. நாக்குக்குத் தெரியாது.”

உண்மையைச் சொல்கிறேன், சில நாட்களில் எனக்கு அவர்மேல் எரிச்சலாக இருந்தது. இப்படியும் ஒரு மனிதன் வாழ்நாள் முழுக்க நடுங்கிக்கொண்டு இருப்பானா என்று தோன்றும். அடுத்த அமாவாசைக்கு மலையனூர் போய்ப் புதுக்கயிறு கட்டிக்கொள்ளலாம் என்று நான் கூப்பிட்டபோது, “அம்மாவப் போய்க் கும்புடு, வாணாங்கல. கயிறு கட்டாதே. கயிறு இருந்தா தைரியம் வந்துடும்” என்றார். தைரியம் என்ற வார்த்தையை அவர் நோய் பெயரைச் சொல்வதுபோலத்தான் சொல்வார்.

ஆனாலும் ஞாயிறு தவறாமல் போனேன். மூன்று மாதத்தில் கோணி ஊசி நேராக ஏறியது. ஒரு வருஷம் ஆனது, பிறகு இரண்டு, மூன்று. உங்கள் அம்மா என்னிடம் சிரித்துப் பேச ஆரம்பித்தாள்.

சுதந்திரம் வந்த சமயத்தில் எங்கள் ஜில்லாவிலும் மதுவிலக்கு வந்தது. திண்டிவனத்தில் மேளம் அடித்துக்கொண்டு ஊர்வலம் போனார்கள். விழுப்புரத்துக் கள்ளுக்கடை இருந்த இடத்தில் விறகுக்கடை போட்டார்கள். அப்போதும் அவர் குட்டை ஓரமாகத்தான் சுற்றிப் போனார். “விறகுக்குப் பயப்படற ஆள இப்பத்தான் பார்க்கிறேன்” என்று ஆரோக்கியம் சொல்ல, ஸ்டாண்டே சிரித்தது. இனிமேல் கூட்டம் எதற்கு, சர்க்காரே எல்லாருக்கும் சேர்த்து ஒரே கூட்டமாகப் போட்டுவிட்டது என்று ஆட்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். நானும் நின்றுவிட்டேன். அவர் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டாயில் தனியாகப் புல் உதறிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக ஆரோக்கியம் சொன்னார்.

ஜட்காக்காரருடைய கவலை வேறு. விழுப்புரத்திலிருந்து பாண்டிச்சேரி ஒன்றரை மணி நேரம்தான். அது பிரெஞ்சுக்காரன் ஊர். நம் சட்டம் அங்கே செல்லாது.

அந்த வருஷம் பாண்டியில் என் தங்கை மகனுக்குக் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தவேண்டும். நான் போகாமல் முடியாது. பெரியவளுக்குக் காய்ச்சல், உங்கள் அம்மா வரவில்லை. வாசலில் நின்று, “சாயங்கால வண்டிக்கு வந்துடணும்” என்று மட்டும் சொன்னாள். சீர்த்தட்டோடு விழுப்புரத்தில் இறங்கி வண்டி மாறும்போது அவர் பிளாட்பாரத்துக்குச் சவாரி தேடி வந்தார்.

“எங்க?”

“பாண்டிக்குண்ணே. தங்கச்சி மவனுக்குக் காதுகுத்து.”

“தனியாவா?”

“ஆமா.”

“பயமா இல்லியா?”

“இன்னாண்ணே நீங்க. நாலு வருசமாச்சு. எனக்கின்னா பயம்.”

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. போய்விட்டார். வண்டி புறப்படும் நேரத்தில் ஓடிவந்து ஏறினார். குதிரையை வேறொரு ஜட்காக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு டிக்கெட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். குடியை விட்டபிறகு அவர் பாண்டிப்பக்கம் போனதே இல்லை என்பது எனக்குத் தெரியும். பதினொரு வருஷம். பலகையின் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

பாண்டியில் இறங்கி நடந்தோம். இரண்டு பக்கமும் கதவைத் திறந்து வைத்துக் கடைகள். அவர் என் துண்டின் முனையைப் பிடித்துக்கொண்டார்.

“சுத்திப் போற வழி இருக்குதா?” என்றார்.

“இந்த ஊர்ல எந்தப் பக்கம் சுத்தினாலும் கடைதாண்ணே.”

“அப்ப ஜல்தியா நட.”

காதுகுத்து நல்லபடியாக நடந்தது. ஆசாரி குத்தியபோது பையன் என் மடியில் துள்ளினான். அவர் வழக்கம்போல யார் குழந்தையையோ வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மூலையில் நின்றார். சாப்பாடு முடிந்ததும் தங்கை புருஷன் ஆண்களை எல்லாம் பின்கட்டுக்கு அழைத்தார். மில்லில் வேலை செய்பவர், தாராளமான ஆள். “மச்சான், இங்க சர்க்காரு வேற. பயப்படாம குடி. தாய்மாமன் குடிக்காம எப்பிடி?” என்று டம்ளரை என் கையில் வைத்தார்.

நான் வாங்கினேன். மறைக்கவில்லை, பிள்ளைகளே. வாங்கி நெஞ்சு உயரத்துக்குக் கொண்டுவந்தேன். ஒன்றே ஒன்று, சாயங்கால வண்டிக்குள் வாடை போய்விடும், யாருக்குத் தெரியப்போகிறது என்று மனசு மளமளவென்று பேசியது. எனக்குப் பயமே இல்லை. அதை இன்று நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது.

அப்போதுதான் அவரைப் பார்த்தேன். யாரோ ஒரு அம்மாள் பால் கொடுக்கவேண்டும் என்று குழந்தையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். வெறுங்கையாக நின்றவர் கையில் எவனோ ஒரு டம்ளரைக் கொடுத்திருக்கிறான். அவர் அதைக் கீழே வைக்கவில்லை. குடிக்கவும் இல்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியிலிருந்து வேர்வை மூக்கின்மேல் இறங்கியது. உதடு மெதுவாகப் பிரிந்தது.

என் டம்ளர் எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியாது. ஓடிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். அவர் விடவில்லை. நான் இழுக்க, அவர் இழுக்க, சாராயம் அத்தனையும் எங்கள் இரண்டு பேர் வேட்டியிலும் அவர் கைமேலும் கொட்டியது. “போலாண்ணே, வாங்க, போலாம்” என்று அவரை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். தங்கை பின்னாலேயே கூப்பிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ரயிலில் எங்கள் பலகையில் யாரும் உட்காரவில்லை. அவ்வளவு நாற்றம். விழுப்புரத்தில் இறங்கியதும் எதிரில் ஆரோக்கியம். மூக்கை உறிஞ்சிவிட்டு, “இன்னாய்யா, பாண்டியவே இடுப்புல கட்டிக்கினு வந்துட்டீங்களா?” என்றார்.

“வேட்டியிலதான் ஊத்திக்கிச்சு. வாயில படல” என்றேன்.

“நானும் எங்க வீட்ல இதத்தான் சொல்லுவேன்” என்று சிரித்தார்.

ஜட்காக்காரரை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அவர் சம்சாரம் வாசலிலேயே எங்களை மோந்து பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மாள், “உனக்குக் காவலாத்தானே இந்த மனுசன் வந்தாரு. இப்ப இவருக்கு யாரு காவலு?” என்றார். என்னால் சாயங்கால வண்டிக்கு எழுந்திருக்க முடியவில்லை. மறுநாள் ஆரோக்கியத்துக்குத் திண்டிவனம் வழியாக டியூட்டி. வீட்டில் நான் குடிக்கவில்லை என்றும், ஒரு உடம்பு முடியாதவரைப் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொல்லச் சொன்னேன். அவர் தலையாட்டிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

நான்கு நாள் அங்கே இருந்தேன். ஜட்காக்காரர் வெளியே வரவில்லை. சாம்பலைப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். தோல் உரிந்து சிவந்துவிட்டது. “வாசன போவல” என்பார். கழுவிவிட்டு மோந்து பார்ப்பார். மறுபடியும் கழுவுவார். “கதவுக்கு வெளியில தாப்பாப் போடு. நான் கேட்டாலும் தொறக்காதே” என்றார். ஒரு மத்தியானம் உள்ளேயிருந்து, தண்ணீர் இறைக்கப் போகவேண்டும், திற என்று சாதாரணமாகச் சொன்னார். குடம் வெளியில் என் பக்கத்திலேயே நிறைந்து இருந்தது. நான் திறக்கவில்லை. கெட்ட வார்த்தையில் திட்டினார். பிறகு அழுதார். நான் கதவில் முதுகை வைத்து உட்கார்ந்துகொண்டு, அங்கே உங்கள் அம்மா என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாளோ என்று யோசித்தேன். எழுந்து போய்விடலாம் என்று எத்தனையோ தடவை தோன்றியது. போனால் இவர் இல்லை. போகாவிட்டால் என் வீடு இல்லை. குதிரைக்குப் புல் போடுவேன், திரும்ப வந்து கதவில் சாய்ந்துகொள்வேன்.

ஐந்தாம் நாள் விடிந்ததும் கேப்பைக்கூழ் கேட்டார். இரண்டு சட்டி குடித்தார். அவரே எழுந்து போய்க் குதிரையைப் பூட்டினார். என் வேட்டி துவைத்தும் வாடை போகாததால் அவருடைய வேட்டியைக் கொடுத்தார்கள். ஸ்டேஷனில் இறங்கும்போது, “இன்னொரு தடவ பாண்டிக்குப் போறதா இருந்தா சொல்லு” என்றார்.

“நீங்க வருவீங்களாண்ணே?”

“வரமாட்டேன். வேற யாரையாச்சும் கூட அனுப்புறேன். என்னால ஒரு தடவதான் முடியும்.”

திண்டிவனத்தில் இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தேன். வாசலில் மூட்டை கட்டி வைத்திருந்தது. நீங்கள் இரண்டு பேரும் தலை வாரி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தீர்கள். வந்தவாசி பஸ்ஸுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. ஆரோக்கியம் வந்து சொன்னதை உங்கள் அம்மா நம்பவில்லை. குடிகாரனுக்குக் குடிகாரன் இதைத்தான் சொல்வான் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் என் இடுப்பைப் பார்த்தாள்.

“யாரு வேட்டி இது?”

“அவருது. ஜட்காக்கார அண்ணனுது.”

“உன்னுது எங்க?”

“அதுல சாராயம் கொட்டிடுச்சு.”

என் காதுக்கே அது பொய்போலத்தான் கேட்டது. அவள் கிட்டே வந்தாள். பட்டப்பகலில், தெருவில் எல்லாரும் பார்க்க, என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து வாயை மோந்தாள். ஒரு தடவை போதாமல் மறுபடியும் மோந்தாள். நான் வாயைத் திறந்துகொண்டு, பல் பிடுங்கப்போகிறவன் மாதிரி அசையாமல் நின்றேன்.

பிறகு அவள் உங்களை மூட்டைமேலிருந்து இறக்கிவிட்டாள். முடிச்சை அவிழ்க்க வரவில்லை, இறுக்கிக் கட்டியிருந்தாள். நான் குனிந்து பல்லால் கடித்து அவிழ்த்தேன். உங்கள் சட்டைகளையும் பாவாடைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து உதறி உள்ளே கொடியில் போட்டாள்.